91-ஆம் சங்கீதத்தில் குடியிருக்க எந்தத் தமிழ் வேதாகமம்?

வேதாகமம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எழுத்து பெரிதா, அட்டை தோலா, ஜிப் உண்டா என்றுதான் பார்க்கிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் ராத்திரி தூக்கம் பிடிக்காமல், மருத்துவ அறிக்கையோ வேலை போன செய்தியோ யாருமில்லாத வீடோ நெஞ்சை அழுத்தும்போது, கிறிஸ்தவர்கள் திறக்கிற பக்கம் ஒன்று உண்டு. 91-ஆம் சங்கீதம். பதினாறே வசனங்கள். நிதானமாக, வாய்விட்டு வாசித்தாலும் மூன்று நிமிஷம் ஆகாது. அந்த ஒரு பக்கத்துக்காக ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுப்பதென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? பழைய திருப்புதல், பொது மொழிபெயர்ப்பு, எளிதில் வாசிக்கும் பதிப்பு ஆகிய மூன்றையும் இந்தக் கேள்வியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அளவுகோல் ஒன்றுதான். இந்தச் சங்கீதம் மழைக்கு ஒதுங்குகிற இடத்தைப் பற்றிப் பேசவில்லை, குடியிருக்கிற வீட்டைப் பற்றிப் பேசுகிறது. மழை விட்டதும் கிளம்பிப் போகிறவனுக்கும் அங்கேயே பாய் விரித்துப் படுக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசகனுக்கு உணர்த்துகிற பதிப்புதான் இந்தக் காரியத்துக்கு நல்ல பதிப்பு.

பழைய திருப்புதலிலிருந்து தொடங்கலாம். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு இதன் அடித்தளம். இந்திய வேதாகமச் சங்கம் இன்றும் அச்சிட்டு வருகிறது. சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானோர் மனப்பாடமாகச் சொல்வது இந்த வாசகத்தைத்தான். முதல் வசனம்: "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்." இதில் இரண்டு வினைகளைக் கவனிக்க வேண்டும். "இருக்கிறவன்" என்றால் அங்கேயே இருப்பவன். "தங்குவான்" என்ற இடத்தில் மூல எபிரெயச் சொல்லுக்கு இரவு தங்குதல் என்று பொருள். பயணத்தில் ஒரு வீட்டில் இராத்தங்கல் போடுவதற்குச் சொல்லும் அதே சொல். தமிழில் "தங்குவான்" அதை அப்படியே பிடித்துவிட்டது. "மறைவு" என்பதும் சரியான சொல். தேடுகிறவன் கண்ணுக்குப் படாதபடி ஒருவர் தமக்குப் பின்னால் நிறுத்திக்கொள்கிற மறைவு அது. தாயின் முந்தானைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையை நினைத்துக்கொண்டால் பொருள் விளங்கிவிடும்.

பொது மொழிபெயர்ப்பு 1995-இல் 'திருவிவிலியம்' என்ற பெயரில் வெளிவந்தது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்த வேலை. அங்கே அதே வசனம்: "உன்னதரின் பாதுகாப்பில் வாழ்பவர், எல்லாம் வல்லவரின் நிழலில் தங்கியிருப்பவர்." "வாழ்பவர்" என்பது "இருக்கிறவன்" என்பதைவிடத் துலக்கம். குடியிருப்பு என்ற எண்ணம் உடனே வந்துவிடுகிறது. ஆணுக்கு மட்டும் என்று ஒலிக்காமல் பெண்ணுக்கும் பொருந்துகிறது, இது சின்ன விஷயமல்ல. ஆனால் "மறைவு" போய் "பாதுகாப்பு" வந்ததில் ஒரு படம் கலைந்துவிட்டது. பாதுகாப்பு என்பது ஒரு கருத்து. மறைவு என்றால் ஒரு இடம், அதற்குள் போய் உட்காரலாம்.

எளிதில் வாசிக்கும் பதிப்பு வாக்கியங்களைச் சிறிதாக உடைத்து, அன்றாடத் தமிழில் தருகிறது. சிறு பிள்ளைகளுக்கும், வேதாகமத் தமிழ் முற்றிலும் புதிதாக இருப்பவர்களுக்கும் கைகொடுக்கும். இந்தச் சங்கீதத்துக்கு மட்டும் அதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. முதல் வசனத்தை, தேவனிடம் மறைந்துகொள்ளப் போக முடியும் என்கிற பொருளில் திருப்பியிருக்கிறது. போக முடியும் என்றால் இன்னும் போகவில்லை என்றுதானே அர்த்தம்? குடியிருக்கிறவனைப் பற்றிய வசனம் அங்கே வழிகாட்டிப் பலகையாகிவிடுகிறது. பொருள் சொல்லிக் கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள், ஜெபிக்க வேறொன்றை எடுங்கள்.

9-ஆம் வசனம்தான் முதலிரண்டையும் உரசிப் பார்க்கிற கல். பழைய திருப்புதலில் "எனக்கு அடைக்கலமாயிருக்கிற உன்னதமான கர்த்தரை உனக்குத் தாபரமாகக் கொண்டாய்" என்று வரும். இன்று எத்தனை பேருக்குத் "தாபரம்" தெரியும்? சபையில் வாசிக்கிறவர்களே அந்த இடத்தில் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அதன் பொருள் இருப்பிடம், தங்குமிடம். மூலத்தில் உள்ள சொல் 90-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் உள்ள அதே சொல்தான். அங்கே அது "தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு அடைக்கலமானவர்" என்று திருப்பப்பட்டிருக்கிறது. வீடுவாசல் இல்லாமல் வனாந்தரத்தில் அலைந்த ஜனங்களை நடத்திய மோசே, தேவனையே வீடு என்று சொன்ன சொல் அது. அடுத்த சங்கீதத்திலேயே அது திரும்ப வருவது தமிழில் தெரியாமல் போகிறது. பொது மொழிபெயர்ப்பு 91-இல் "உறைவிடம்" என்கிறது. இந்த இடத்தில் அதற்குத்தான் மதிப்பெண். பழைய திருப்புதல் வைத்திருப்பவர்கள் ஓரத்தில் பென்சிலால் "வீடு" என்று எழுதிக்கொண்டால் போதும். பேனா வேண்டாம். வேதாகமத் தாள் மெல்லியது, மை மறுபக்கம் ஊறி அங்குள்ள எழுத்தைக் கெடுத்துவிடும். ஜெல் பேனா இன்னும் மோசம்.

இப்படித் தடுக்கி விழ வைக்கும் சொற்கள் பழைய திருப்புதலில் இன்னும் மூன்று நான்கு உண்டு. 4-ஆம் வசனத்தில் "பரிசையும் கேடகமுமாகும்" என்று வருகிறது. பிள்ளைகள் இதைப் "பரிசு" என்று புரிந்துகொள்வது வழக்கம். பரிசை என்றால் கேடயம், அவ்வளவுதான். 15-இல் வரும் "மறுஉத்தரவு" இன்னும் ஆபத்தானது. இன்றைய காதுக்கு அது மேலதிகாரி முந்தின உத்தரவை மாற்றிப் போட்டதுபோல ஒலிக்கிறது. அந்தக் காலத் தமிழில் அது பதில். "அவன் என்னை நோக்கிக் கூப்பிடுவான், நான் அவனுக்கு மறுஉத்தரவு அருளிச்செய்வேன்" என்பது, கூப்பிட்டால் பதில் சொல்வேன் என்கிற எளிய வாக்கு. பொது மொழிபெயர்ப்பில் "பதிலளிப்பேன்" என்றே இருக்கிறது. "செட்டை" என்றால் சிறகு, "சங்காரம்" என்றால் அழிவு. இவற்றை ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் மறக்காது.

"சத்தியம்" என்ற சொல்லில் பழைய திருப்புதல் வேறொன்றைக் கொடுக்கிறது. "அவருடைய சத்தியம் உனக்குப் பரிசையும் கேடகமுமாகும்." மூலச் சொல்லுக்கு உண்மை என்பதோடு, சொன்ன சொல் மாறாத தன்மை என்றும் பொருள். தமிழில் சத்தியம் என்றால் உண்மையும்தான், கையில் அடித்துச் செய்து கொடுக்கிற சத்தியமும்தான். பொது மொழிபெயர்ப்பின் "உண்மை" தவறில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தவர் பின்வாங்கமாட்டார் என்பதுதான் இங்கே கேடயம். "சத்தியம்" அதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

இனி, பழைய திருப்புதலை விட்டு வர மனமில்லாததற்கு முக்கியக் காரணம்: "நீ". "அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார், அவர் செட்டைகளின் கீழே அடைக்கலம் புகுவாய்." பொது மொழிபெயர்ப்பு "உம்மை அரவணைப்பார்", "புகலிடம் காண்பீர்" என்று மரியாதையோடு பேசுகிறது. அரவணைப்பார் என்பது அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் பயந்து நடுங்குகிறவரை வீட்டில் யாரும் "நீர்" என்று கூப்பிடுவதில்லை. "பயப்படாதே, உனக்கு ஒன்றும் ஆகாது" என்று அம்மா சொல்கிற குரல் "நீ"யில்தான் இருக்கிறது. கடைசி மூன்று வசனங்களிலும் இதே வித்தியாசம். பொது மொழிபெயர்ப்பில் தேவன் "அவர்கள்" என்று பன்மையில் பேசுகிறார், எல்லோருக்கும் பொதுவாகிறது. பழைய திருப்புதலில் "அவன்" என்று ஒற்றை ஆளைச் சுட்டுகிறார். தனியாக இருப்பவருக்கு அந்த ஒருமை தேவைப்படுகிறது. பெண்கள் ஜெபிக்கும்போது "அவன்" என்பதை "அவள்" என்று மாற்றிச் சொல்லிக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை.

குரல்கள் மாறுவதைக் காட்டுவதில் பழைய திருப்புதல் அச்சு ரொம்பப் பின்தங்கியிருக்கிறது. இந்தச் சங்கீதத்தில் மூன்று பேச்சு உண்டு. 1, 2 வசனங்கள் விசுவாசியின் அறிக்கை: "நீர் என் அடைக்கலம், என் கோட்டை, என் தேவன்." 3 முதல் 13 வரை வேறொருவர் அவனுக்குச் சொல்லும் தைரியம். 14-இல் திடீரென்று தேவனே பேச ஆரம்பிக்கிறார்: "அவன் என்னிடத்தில் வாஞ்சையாயிருக்கிறபடியால் அவனை விடுவிப்பேன்." மேற்கோள் குறி இல்லாமல், இரண்டு பத்தி அச்சில், வசனத்துக்குக் கீழ் வசனமாக ஒரே ஓட்டத்தில் போவதால் இது கண்ணுக்குப் படுவதே இல்லை. பலர் 14-ஐயும் முந்தின குரலிலேயே ஓட்டிவிடுகிறார்கள். 3-க்கு மேலும் 14-க்கு மேலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பொது மொழிபெயர்ப்பு கவிதை வரிகளாகப் பிரித்து அச்சிட்டிருப்பதால், ஒரு கருத்தை இரண்டு தடவை இரண்டு விதமாகச் சொல்கிற எபிரெயக் கவிதை நடை கண்ணுக்கே தெரிகிறது.

வடிவங்களுக்கு வருவோம். படுக்கையருகே வைக்கப் பெரிய எழுத்துப் பதிப்புதான். சங்கீதங்கள் சேர்ந்த சிறிய புதிய ஏற்பாடு பையில் வைக்க வசதி, ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அதன் எழுத்தில் புள்ளி இருக்கிறதா இல்லையா, சுழி குறிலா நெடிலா என்றே தெரியாது. கண் தடுமாறினால் மனமும் தடுமாறும். கடையில் பார்க்கும்போது நல்ல வெளிச்சத்தில் பார்க்காமல், நிழலான பக்கம் திரும்பி நின்று சங்கீதப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். திறந்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாமல் படுத்துக் கிடக்க வேண்டும். தைத்த கட்டு அப்படிக் கிடக்கும், பசையில் ஒட்டிய கட்டு முரண்டு பிடிக்கும், அழுத்தினால் முதுகு பிளக்கும்.

கைபேசிச் செயலியில் வாசிப்பவர்கள் முதலில் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். "சர்வவல்லவருடைய நிழலில்" என்று வாசிக்கும்போது மேலே ஒரு கடன் தவணைச் செய்தி வந்து விழுந்தால் எல்லாம் போச்சு. பல மொழிபெயர்ப்புகளை அருகருகே பார்க்கும் வசதி பகலில் படிப்பதற்கு அருமை, இரவில் ஜெபிக்க இடைஞ்சல். ஒலி வடிவம் நோயாளிகளுக்கும் கண் மங்கியவர்களுக்கும் பெரிய உதவி. பின்னணி இசை இல்லாத, ஒரே ஆள் நிதானமாக வாசிக்கிற பதிவைத் தேர்ந்தெடுங்கள். இசை ஏறி இறங்கினால் மனம் உணர்ச்சிவசப்படும், வார்த்தை உள்ளே இறங்காது. தானாக அடுத்த சங்கீதத்துக்கு ஓடும் அமைப்பை அணைத்துவிடுங்கள். 91 முடிந்ததும் மௌனம் வேண்டும்.

பயன்படுத்தும் முறை பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. இந்தச் சங்கீதத்தை இரவில் சொல்வது திருச்சபையின் பழைய வழக்கம். துறவு மடங்களுக்காகப் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு, படுக்கைக்கு முன்னான ஜெபத்தில் தினமும் சொல்ல வைத்த மூன்று சங்கீதங்களில் இதுவும் ஒன்று, மற்றவை 4-உம் 134-உம். கிரேக்க, இலத்தீன் எண் முறையில் இது 90 என்று இருக்கும், பழைய கத்தோலிக்க நூல்களில் எண் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். விளக்கணைக்கும் முன், ஒரே இடத்தில், தினமும். 1, 2 வசனங்களை உங்கள் சொந்தக் குரலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 3 முதல் 13 வரை வீட்டில் இன்னொருவர் வாசிக்க, நீங்கள் கேளுங்கள். தனியாக இருப்பவர் 3-ஆம் வசனத்துக்கு முன் தன் பெயரைத் தானே விளித்துவிட்டு வாசிக்கலாம். 14-க்கு முன் பத்து மூச்சு நிறுத்துங்கள். பிறகு கடைசி மூன்று வசனங்களை மெதுவாக, பதில் பேசாமல். கேட்க வேண்டிய விண்ணப்பங்கள் எத்தனை இருந்தாலும் இந்த மூன்று வசனங்களுக்குப் பின் அடுக்காதீர்கள். அவற்றை 2-ஆம் வசனத்தோடு முடித்துவிடுங்கள். கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கட்டும்.

இதில் பெரும்பாலும் தவறு நடப்பது ஒரு இடத்தில்தான்: இதைத் தாயத்தாக்குவது. தலையணைக்கடியில் வேதாகமம், வாசலில் 10-ஆம் வசனம், இத்தனை நாள் இத்தனை தரம் சொன்னால் வாதை அணுகாது என்கிற கணக்கு. இந்தச் சங்கீதத்தை அப்படிப் பயன்படுத்த முதலில் சொல்லிக் கொடுத்தது யார் என்று மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக்குதியும் என்று சோதனைக்காரன் எடுத்துக்காட்டியது 11, 12 வசனங்களைத்தான். "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை விட்டுவிட்டான். பாம்பை மிதிப்பாய் என்று வருகிற 13-ஆம் வசனத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டான். இயேசு சொன்ன பதில் உபாகமம் 6:16, தேவனைப் பரீட்சை பாராதே என்பது. தகப்பன் வீட்டில் இருக்கிற பிள்ளை, அவர் பிடிப்பாரா என்று பார்க்க மாடியிலிருந்து குதிப்பதில்லை.

15-ஆம் வசனத்தில் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று இருக்கிறது. ஆபத்தே வராது என்று இல்லை. ஆகவே ஒரு விசுவாசிக்குப் புற்றுநோய் வந்தால், விபத்து நடந்தால், "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்ல இந்தச் சங்கீதம் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. அப்படிச் சொல்கிறவர்களால் எத்தனையோ பேர் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள் என்பது வேதனை. ரோமர் 8-இல் பவுல் உபத்திரவம், பசி, பட்டயம் என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லி அடுக்கிவிட்டு, இவற்றில் எதுவும் கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்கிறார். 91-இன் வாக்கை அந்த வெளிச்சத்தில் வாசித்தால்தான் அது மருத்துவமனையிலும் நிற்கும். சாவு நடந்த வீட்டில் "ஆயிரம்பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது" என்ற 7-ஆம் வசனத்தை வாசிக்காதீர்கள். அணுகிவிட்டதே என்று அழுகிறவர்களின் காயத்தில் அது உப்பாக விழும். அங்கே 13-ஆம் சங்கீதமோ 46-ஆம் சங்கீதமோ போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே அடி வாங்குகிறவரிடம், போய் 91-ஆம் சங்கீதம் சொல் என்று அனுப்பிவிடுவது அடைக்கலம் அல்ல. இதே தேவன், தெரியாமல் ஒருவனைக் கொன்றுவிட்டவன் பழிவாங்குகிறவனுக்குத் தப்பி ஓடி வருவதற்காக, இஸ்ரவேலில் கேதேஸ், சீகேம், எபிரோன், பேசேர், ராமோத், கோலான் என்று ஆறு அடைக்கலப் பட்டணங்களை ஊர் பேர் சொல்லிக் குறித்து வைத்தவர். யோசுவா 20-இன்படி, ஓடி வந்தவன் வாசலில் நின்று தன் காரியத்தைச் சொல்ல, மூப்பர்கள் அவனை உள்ளே சேர்த்துக்கொண்டு, தங்களோடு குடியிருக்க இடம் கொடுக்க வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு மூலை கொடுத்தால் போதாது, குடியிருக்க இடம் வேண்டும், அதுவும் "தங்களோடே". அடைக்கலமும் சொந்தமும் ஒன்றாகவே அங்கே கிடைக்கின்றன. ஆகவே அப்படிப்பட்டவருக்கு முதலில் பத்திரமான வீடு, அதன்பின் சங்கீதம்.

வாங்குவதென்றால்: தினசரி ஜெபத்துக்குப் பெரிய எழுத்துப் பழைய திருப்புதல், தைத்த கட்டு. சொற்பொருளுக்குப் பக்கத்தில் ஒரு திருவிவிலியம். நாடாக் குறி இரண்டு இருக்கிற பதிப்பு கிடைத்தால் ஒன்றை 91-இல் போட்டுவிட்டு, மற்றதைச் சில தாள் முன்னால் 84-இல் போடுங்கள். அங்கே மூன்றாம் வசனத்தில், கர்த்தருடைய பீடங்களண்டையில் "அடைக்கலான் குருவிக்கு வீடும், தகைவிலான் குருவிக்குத் தன் குஞ்சுகளை வைக்கும் கூடும் கிடைத்ததே" என்று வருகிறது. மனிதர் குடியிருக்கும் வீட்டின் இறவாரத்தை நம்பி வந்து கூடு கட்டுவதால் சிட்டுக்குருவிக்குத் தமிழன் வைத்த பெயர் அடைக்கலான் குருவி. எபிரெயத்தில் அது வெறும் குருவிதான். அந்தப் பெயரை வேதத்துக்குள் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு 91-ஐச் சொல்லிக் கொடுக்கும் முன், வீட்டில் கூடு கட்டுகிற அந்தக் குருவியைக் காட்டி இந்த வசனத்தை வாசித்துவிடுங்கள். முதல் வசனத்துக்கு அதன்பின் விளக்கம் கேட்கமாட்டார்கள்.